ஒரு துளி இரத்தம், 75 ஆண்டுகள்

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில் வெளிப்பட்டது. டி.என்.ஏ. பரிசோதனைக்காக முப்பதுக்கும் மேற்பட்டோரிடம் மாதிரி எடுக்கப்பட்டது. அந்த நீரைக் குடித்தவர்களும் அதில் அடக்கம். எவருடைய மாதிரியும் பொருந்தவில்லை. ஆயினும் 2025 ஜனவரியில், தலித்துகள் மூவர் மீதே சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அது நிற்குமா என்பதை நீதிமன்றம் ஆராயட்டும். என் வினா வேறு: இவ்வாறு எடுக்கப்படும் இரத்தத்தின் தகவல் பிறகு எங்கே போகிறது?

குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், 2022, உயிரியல் மாதிரியையும் ‘அளவீடு’ என்றே வரையறுக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அதனை 75 ஆண்டுகள் பாதுகாக்கும். ஏழாண்டுக்குக் குறைந்த தண்டனைக்குரிய குற்றமாயின், அது பெண்ணுக்கோ குழந்தைக்கோ எதிரானதாக இல்லாவிடில், கைதானவர் உயிரியல் மாதிரி தர மறுக்கலாம். இதைக் காவல் நிலையத்தில் அவருக்கு யார் சொல்வார்கள்? முன்தண்டனை இல்லாதவர் விடுதலையானால் பதிவை அழிக்க வேண்டும். ஆனால் சட்டவழிகள் அனைத்தும் தீர்ந்த பின்னரே. காரணம் எழுதி அதையும் நீதிமன்றம் தடுக்கலாம். ஐந்தாம் பிரிவின்படி நடுவர் எவரையும் மாதிரி தரப் பணிக்கலாம். அப்படிக் கொடுத்து, ஒருபோதும் குற்றம் சாட்டப்படாதவரைப் பற்றி அழிப்பு விதி தெளிவாக எதுவும் பேசவில்லை.

அறிவியலை நான் மறுக்கவில்லை. 1986இல் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில், கொலையை ஒப்புக்கொண்டிருந்த 17 வயதுச் சிறுவனைக் குற்றமற்றவன் என நிறுவியது இதே டி.என்.ஏ. பரிசோதனைதான். காவல் நிலைய ‘ஒப்புதல்’களை அறிந்த நமக்கு அதன் அருமை புரியும்.

ஆனால் தரவுத்தளம் ஒருவரின் முழு மரபணுவையும் வைத்திருப்பதில்லை. ஏறத்தாழ இருபது இடங்களில் சிறு துண்டுகள் எத்தனை முறை திரும்ப வருகின்றன என்ற எண்ணிக்கையே அதிலுள்ளது. ‘கோடியில் ஒருவர்’ என்ற கணக்கு, அந்த எண்கள் மக்களிடையே எவ்வளவு அரியவை என்ற மதிப்பீட்டில் நிற்கிறது. தலைமுறைகளாகத் தமக்குள்ளேயே மணம் முடிக்கும் சமூகத்தில் அந்த எண்கள் அதிகம் ஒத்துப்போகும். பொதுச் சராசரியை வைத்தால் அரிதன்மை மிகைப்படும். சாதி ஆய்வுக்கூடத்திற்குள்ளும் வந்துவிடுகிறது.

அத்துடன், தரவுத்தளம் கைதுகளால் நிரம்புவது. மக்கள்தொகையில் 16.6 விழுக்காடான பட்டியல் சாதியினர், விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். ஒருவரின் பதிவு அவருடைய அண்ணன் தம்பியையும் பிள்ளைகளையும் தேடவும் உதவும்.

குற்றமற்றோரின் பதிவுகளைக் காலவரையின்றி வைத்திருப்பது தனியுரிமை மீறல் என ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008இல் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இங்கோ, ஒழுங்குமுறை வாரியம் அமைக்கவிருந்த டி.என்.ஏ. மசோதா 2023இல் திரும்பப் பெறப்பட்டது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே, விடுதலைத் தீர்ப்பு வாங்கித் தரும் தோழர்கள் கோப்பை மூடுவதற்கு முன், மாதிரிப் பதிவை அழிக்கக் கோரும் மனுவையும் தாக்கல் செய்யுங்கள்.