தேய்ந்த டயர் சொல்லும் சேதி!
பழைய கார் வாங்கிய விவசாயிகள் முதலில் பார்க்க வேண்டியவை

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் மானாவாரியாக மக்காச்சோளமும் கொஞ்சம் மிளகாயும் போடும் விவசாயி அவர். வயதான அம்மாவை மாதம் இரண்டு முறை மதுரைக்கு மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். சாத்தூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். மூட்டு வலியோடு அந்த அம்மாவால் பஸ் படி ஏற முடியவில்லை. மக்காச்சோளம் விற்ற பணத்தோடு கொஞ்சம் கைமாற்றும் வாங்கி, ஒன்பது வருடம் ஓடிய சின்னக் கார் ஒன்றை வாங்கினார்.

"வண்டி அதிகம் ஓடலை. டயர் எழுபது சதவீதம் இருக்கு" என்றார் தரகர். டயர்களும் கறுகறுவென்று மின்னின.

மூன்றாவது முறை மதுரைக்குப் போய்த் திரும்பும்போது, விருதுநகர் தாண்டியதும் ஸ்டீயரிங் உதற ஆரம்பித்தது. பின் இருக்கையில் அம்மா படுத்திருந்தார். ஓரமாக நிறுத்திச் சுற்றிப் பார்த்தார், எதுவும் புலப்படவில்லை. மெதுவாகவே ஓட்டி ஊர் வந்து சேர்ந்தார். மறுநாள் காலையில் டயர் கடைக்குப் போனார். கடைக்காரர் ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பச் சொல்லி, முன் டயரின் உள்பக்கத்தைக் கையால் தடவினார்.

"அண்ணாச்சி, இது எந்த வருஷத்து டயர்னு பார்த்தீங்களா?"

"பட்டன் நல்லா இருக்கேப்பா?"

"வெளிப்பக்கம் இருக்கு. உள்பக்கம் மொட்டையாப் போச்சு. இங்க விரலை வச்சுப் பாருங்க."

டயரின் பக்கச் சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். உள்ளே இருக்கும் நூலிழை அறுந்து, ரப்பர் மட்டும் காற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது. நான்குவழிச் சாலையில் அது வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை.

கிராமங்களில் பழைய கார் வாங்குவது இப்போது சாதாரணமாகிவிட்டது. இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறோம், பெயின்டைப் பார்க்கிறோம், ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டுகிறோம். டயரை மட்டும் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

விதைச் சீட்டு போல, டயருக்கும் தேதி உண்டு

விதை வாங்கும்போது பொட்டலத்தில் காலாவதி தேதி பார்க்காத விவசாயி இல்லை. டயரிலும் அப்படி ஒரு தேதி இருக்கிறது. பக்கச் சுவரில் 'டி.ஓ.டி.' என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 1116 என்று இருந்தால் 2016-ஆம் ஆண்டின் 11-வது வாரத்தில் தயாரான டயர். சில டயர்களில் இந்த எண்கள் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உள்நோக்கி இருந்தால், குனிந்து டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும்.

ரப்பரும் ஒரு விளைபொருள்தான். கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் மரத்தில் வடியும் பால்தான் அதன் மூலம். விளைபொருளுக்கு ஆயுள் உண்டு. வண்டி ஓடாமல் நின்றாலும் வெயில், சூடு, காற்றிலுள்ள ஓசோன் எல்லாம் சேர்ந்து ரப்பரை இறுகச் செய்து வெடிப்பு விடவைக்கும். விருதுநகர் வெயிலில் மரநிழல்கூட இல்லாமல் நிற்கும் காருக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே, 'வண்டி அதிகம் ஓடவில்லை' என்பது இன்ஜினுக்கு நல்ல செய்தியாக இருக்கலாம், டயருக்கு அப்படியல்ல.

ஐந்து வருடம் கடந்த டயரை ஆண்டுக்கு ஒருமுறை அனுபவமுள்ளவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். பத்து வருடம் ஆனதை, பட்டன் புதிதுபோல இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். டயர் கம்பெனிகள் பலவும் சொல்வது இதுதான். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குத்தான். விற்பனைக்கு வரும் காரின் டயரில் பூசப்பட்டிருக்கும் பாலிஷ், மயிரிழை வெடிப்புகளை மறைத்துவிடும். சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு பாருங்கள்.

சூடும் குறைந்த காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் போன்ற வண்டிகளில் ஓடும்போதே டயரின் மேல்பட்டை உரிந்து, வண்டிகள் உருண்டன. 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தயாரிப்பிலும் குறை இருந்தது. ஆனால், டெக்சாஸ், அரிசோனா, ஃபுளோரிடா போன்ற வெப்பமான மாநிலங்களில்தான் விபத்துகள் அதிகம் நடந்தன. நம் ஊர் வெயிலும் அதற்குக் குறைந்ததல்ல.

இலையைப் பார்த்து நோய் அறிவதுபோல…

பயிரில் அடியிலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு என்கிறோம். குருத்திலை நரம்பு பச்சையாக இருந்து நடுவில் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவைச் சந்தேகிக்கிறோம். காரணம் தெரியாமல் மூட்டை மூட்டையாக யூரியா போட்டால் பணம்தான் வீண். டயர் தேய்மானமும் ஓர் அறிகுறிதான். காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால், அதுவும் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே மாதிரி தேயும்.

* நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால்: காற்று அதிகமாக வைத்து ஓட்டியிருக்கிறார்கள்.

* இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் பட்டன் இருந்தால்: காற்று குறைவு அல்லது தொடர்ந்து அதிக பாரம்.

* ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால்: சக்கரக் கோணம் மாறியிருக்கிறது. வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். அதற்கு முன் டை ராடு முனை, பால் ஜாயின்ட், புஷ் தளர்ந்திருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். அவை ஆடிக்கொண்டிருந்தால் அலைன்மென்ட் நிற்காது.

* மேலே தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும், எதிர்த்திசையில் அரம்போல் சொரசொரப்பாகவும் இருந்தால்: இதுவும் அலைன்மென்ட் கோளாறு.

* அங்கங்கே குழி விழுந்தாற்போல் இருந்தால்: ஷாக் அப்சார்பர் போயிருக்கலாம் அல்லது வீல் பேலன்சிங் இல்லாமல் ஓடியிருக்கலாம்.

* பக்கச் சுவரில் வீக்கம், வெட்டு, உள்ளே நூல் தெரிவது: காரணம் தேட வேண்டியதில்லை. அந்த டயரில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

தீக்குச்சிதான் அளவுகோல்

புது கார் டயரில் பள்ளத்தின் ஆழம் பொதுவாக 7 முதல் 8 மி.மீ. இருக்கும். கார்களுக்கு 1.6 மி.மீ. என்பது கடைசி எல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் விதி 94 இதைச் சொல்கிறது. டயரின் பள்ளங்களுக்குள்ளேயே சின்ன மேடுகள் இருக்கும். பக்கச் சுவரில் முக்கோணக் குறி இருக்கும் இடத்துக்கு நேரே அவற்றைத் தேடலாம். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், டயரின் காலம் முடிந்தது.

சிவகாசி, சாத்தூர் பக்கம் தீக்குச்சிக்கா பஞ்சம்? மருந்து இல்லாத முனையைப் பள்ளத்தில் நிறுத்தி, மேல்மட்டத்தில் நகத்தால் அடையாளம் வைத்து, ஸ்கேலில் அளந்துவிடலாம். உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். மூன்றில் குறைந்ததுதான் உங்கள் கணக்கு. 3 மி.மீ.க்கு வந்துவிட்டால், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே மாற்றத் திட்டமிடுங்கள். பள்ளம் இருப்பது தண்ணீரை வெளியே தள்ளத்தான். பள்ளம் இல்லாத டயர் தண்ணீர் மேல் மிதந்து வழுக்கும். ஐப்பசியின் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும், டிராக்டர் சக்கரம் இழுத்துவந்த கரிசல் மண்ணும் சேர்ந்து குழம்பாகும்போது ஆபத்து இன்னும் அதிகம்.

காற்று, பாரம், முள்

காற்றின் அளவு, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் அல்லது வண்டியின் கையேட்டில் இருக்கும். பாரம் ஏற்றும்போது எவ்வளவு என்பதும் தனியாகப் போட்டிருக்கும். காலையில் வண்டி எடுத்தவுடன், டயர் சூடாகும் முன் பார்ப்பதே சரி. சுமார் 6 டிகிரி வெப்பம் கூடினால் 1 பி.எஸ்.ஐ. அளவு கூடும். மதியம் அளவு கூடியிருக்கிறதே என்று காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் குறைவாகிவிடும்.

டயரில் அளவுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். 74 என்றால் ஒரு டயர் அதிகபட்சம் 375 கிலோ தாங்கும். 79 என்றால் 437 கிலோ. புது டயர் வாங்கும்போது கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் குறையக் கூடாது. ஆனால், டயர் தாங்கும் என்பதற்காக வண்டிக்கு அனுமதித்த எடையைத் தாண்டக் கூடாது. நான்கு பேர் உட்கார்ந்து, பின்னால் 45 கிலோ யூரியா மூட்டைகளையும் அடுக்குவதற்காக வந்ததல்ல சின்னக் கார்.

நம் மாவட்டத்தில் டயருக்கு முதல் எதிரி சீமைக் கருவேல முள். காட்டுப் பாதையில் போய்வந்தால் டயரைச் சுற்றிப் பாருங்கள். டியூப்லெஸ் டயரில் முள்ளோ ஆணியோ ஏறியிருந்தால் அங்கேயே பிடுங்காதீர்கள். பஞ்சர் கடை வரை அதுவே அடைப்பாக இருக்கும். தரையில் படும் பகுதியில் பஞ்சர் போடலாம். பக்கச் சுவரில் போடக் கூடாது.

கையில் பணம் குறைவாக இருந்தால்

நான்கும் வயதாகியிருந்தால் நான்கையும் மாற்றுவதே முறை. இரண்டு மட்டும் கெட்டிருந்தால், ஒரே அச்சில் உள்ள இரண்டையும் ஒரே அளவு, ஒரே ரகத்தில் மாற்றுங்கள். புது டயர்களைப் பின்பக்கம் போட்டு, பின்னால் இருந்த நல்ல டயர்களை முன்னால் கொண்டுவர வேண்டும். முன்சக்கரம் வழுக்கினால் ஸ்டீயரிங்கில் தெரியும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும்; பழகிய ஓட்டுநருக்கே அது கடினம்.

2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகவும், டிராக்டர் டயருக்கு 5 ஆகவும் குறைந்திருக்கிறது. பில் போட்டு வாங்குங்கள். உத்தரவாதத்துக்கு அதுதான் ஆதாரம். மாட்டும் முன் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். பிறகு 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றினால் நான்கும் சமமாகத் தேயும்.

பழைய டயரை எரிக்காதீர்கள்

கழற்றிய டயரை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் மழைநீர் தேங்கி, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வளரும். தண்ணீர் வற்றினாலும் அதன் முட்டை பல மாதம் காய்ந்தபடியே உயிரோடு இருக்கும். போகிக்கு டயர் எரிக்க வேண்டாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. பட்டாசு ஆலையும் தீப்பெட்டி ஆலையும் சூழ்ந்த நம் ஊரில் சொல்லவே வேண்டாம். டயரில் பிடித்த தீ எளிதில் அணையாது. டயர் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். கெட்டுப்போன டயர் மறுபடி இன்னொரு வண்டிக்குப் போகாமலிருக்க, பக்கச் சுவரை வெட்டிவிட்டுக் கொடுப்பது நல்லது.

வெம்பக்கோட்டை விவசாயியின் காரில் தளர்ந்திருந்த டை ராடு முனையை மாற்றி, அலைன்மென்ட் பார்த்து, நான்கு டயரையும் புதிதாகப் போட்டார்கள். சீட் கவருக்கும் பாட்டுப் பெட்டிக்கும் எடுத்துவைத்திருந்த பணம் அதற்குப் போனது. அடுத்த முறை மதுரைக்குக் கிளம்பும் முன், அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்து டயர் அருகே குனிந்தார். "கிளம்புற நேரத்துல அங்க என்னடா பண்ற?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. ஏறி உட்காரு, போலாம்."

வாசகர் கேள்விகள்

நைட்ரஜன் நிரப்புவது அவசியமா?

அவசியமில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். எந்தக் காற்றாக இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளவு பார்ப்பதே முக்கியம். பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசம்.

டிராக்டர் டிரெய்லருக்குப் போடுவதுபோல், காருக்கும் ரீட்ரெட் டயர் போடலாமா?

வேண்டாம். டிரெய்லர் மெதுவாகப் போவது. கார் நான்குவழிச் சாலையில் போகும் வேகமும், அதனால் டயரில் ஏறும் சூடும் வேறு. பள்ளத்தைக் கத்தியால் ஆழப்படுத்தி விற்கும் பழைய டயரையும் தொடாதீர்கள்.

ஸ்டெப்னி புதிதாகவே இருக்கிறது. அதை முன்சக்கரத்தில் போடலாமா?

முதலில் தேதி பாருங்கள். வண்டியோடு வந்த ஸ்டெப்னிக்கு வண்டியின் வயதுதான். பழையதென்றால், பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டிப்போக மட்டும் பயன்படுத்துங்கள்.