வில்லியனூரிலிருந்து வீராம்பட்டினத்துக்கு
புதுச்சேரியின் கதிர்காமத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள வில்லியனூரை மையமாகக் கொண்டு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய தகவல் கிராமத் திட்டம், செய்தியைத் திரட்டவும் சேமிக்கவும் அனுப்பவும் உதவும் கருவிகளின் தொகுதியான தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தைப் பாடநூலைவிடத் தெளிவாக மாணவருக்கு உணர்த்தும். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் கிடைத்த அலை உயர முன்னறிவிப்பு, தமிழாக்கப்பட்டு, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி வழியே மீனவர் காதுக்கு எட்டியது. கணினியைத் தொடாதவரும் பயன்பெற்றதே இதன் சிறப்பு. ஆயினும் அந்த அறிவிப்பு ஒருவழிப் பாதைதான். படிப்பவரே எழுதவும் திருத்தவும் இடம்தரும் ஊடாட்ட வலையோ இருவழிப்பட்டது: 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் தம் ஊர் ஏரியைப் பற்றி மாணவர் ஒரு பத்தி எழுதினால், முன்பின் அறியாத ஒருவர் அதற்குச் சான்று கேட்கலாம், பிழையும் திருத்தலாம். கணினி வகுப்பைத் தட்டச்சோடு முடித்துவிடாமல், ஆசிரியர்கள் இப்படி எழுதித் திருத்தும் பயிற்சியையும் அதில் சேர்க்க வேண்டும்.