மேடையில் 'பேடு' ஊமையானால் குற்றவாளி யார்? பழைய ஆக்டோபேடுகளுக்கு மறுவாழ்வு

கொல்லிமலை-

நாமக்கல் மாவட்டம் காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். கடை ஏழு வள்ளல்களில் ஒருவனான ஓரி ஆண்ட மலை இது. ஆடி மாதம் வந்தால் வல்வில் ஓரி விழா, அறப்பளீசுவரர் கோவிலில் ஆடிப்பெருக்கு என்று கூட்டம் அலைமோதும்.

இப்படி ஒரு மலை ஊருக்குக் கச்சேரிக்குக் கிளம்பும் எந்த மெல்லிசைக் குழுவுக்கும் ஒரு பயம் உண்டு. பாடகருக்குத் தொண்டை கட்டினால் சுக்குக் காப்பி போதும். தபேலா வார் தளர்ந்தால் கையாலேயே இழுத்துக் கட்டலாம். ஆனால் ரிதம் வாசிக்கிறவர், "அண்ணே, மூணாவது பேடு பேச மாட்டேங்குது!" என்று சொன்னால்? ராத்திரி 9 மணிக்கு மலை மேல் எந்தக் கடையைத் தேடுவது?

பேடு நின்றால் பாட்டு நிற்கும். பாட்டு நின்றால் கூட்டம் கத்தும். வாசிக்கிறவருக்கு அன்றைய சம்பளம் மட்டுமல்ல, அடுத்த கச்சேரியும் போய்விடும்.

8 கட்டத்தில் 700 சத்தம்

'ஆக்டோபேட்' என்பது ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி வைத்த பெயர். 1985-ல் வந்த முதல் ஆக்டோபேடில் 8 ரப்பர் கட்டங்கள் இருந்தன. ஆனால் அதற்கென்று சொந்தக் குரல் கிடையாது. வேறொரு கருவியோடு ஒயர் போட்டு இணைத்தால்தான் சத்தம் வரும்.

1998-ல் வந்த எஸ்.பி.டி-20 கதையை மாற்றியது. டிரம்ஸ், காங்கோ, தபேலா என்று 700 சத்தங்கள் ஒரே பெட்டிக்குள். வாசிக்கிறவர் தன் கைக்கு ஏற்றபடி அடுக்கி வைத்துக்கொள்ள 99 'பேட்ச்'கள். ஒரு வேன் நிறைய ஏற்ற வேண்டிய தாள வாத்தியங்கள் ஒருத்தர் மடியில் அடங்கின! புது மாடல்கள் பல வந்த பிறகும் இந்தப் பழைய பெட்டியை விட மனமில்லாதவர்கள் நிறையப் பேர். பெட்டி பழசானாலும் கை பழகியது அதில்தானே!

பழுது எங்கே ஒளிந்திருக்கிறது? துப்பு துலக்கினால் பெரும்பாலும் சிக்குகிற 'குற்றவாளிகள்' விவரம் வருமாறு:-

முதல் குற்றவாளி: அடாப்டர்!

எஸ்.பி.டி-20-க்கு 9 வோல்ட் டி.சி. வேண்டும். "அதான் 9 வோல்ட்னு போட்டிருக்கே" என்று கிடைத்த அடாப்டரைச் செருகினால் ஆபத்து. இதன் பின்னில் நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். கடையில் கிடைக்கும் அடாப்டர்கள் பலவற்றில் இது தலைகீழ். வோல்ட் சரியாக இருந்தும் பெட்டி பாழாவது இதனால்தான். அடாப்டர் முதுகில் உள்ள வட்டப்படத்தைப் பார்க்காமல் செருகவே கூடாது.

ஜப்பானிலிருந்து நேரே கொண்டு வரும் பழைய கருவிகளில் இன்னொரு கண்டம். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இங்கே 230. டிரான்ஸ்பார்மர் இல்லாமல் செருகினால் புகைதான்!

இரண்டாவது: பித்தளைத் தகடு

ரப்பருக்கு அடியில் காசு மாதிரி ஒரு மெல்லிய தகடு. பெயர் பீசோ. அழுத்தினால் மின்சாரம் தரும் குணத்தை 1880-ல் கண்டுபிடித்தவர்கள் பிரான்சின் கியூரி சகோதரர்கள். அடுப்பு பற்ற வைக்கும் லைட்டரில் 'டக்' என்று தீப்பொறி பறப்பதும் இதே தத்துவம்தான்.

வருஷக்கணக்கில் குச்சியால் அடி வாங்கினால் தகடு விரிசல் விடும். இல்லாவிட்டால் அதில் சால்டர் செய்த மயிரிழை ஒயர் அறுந்துவிடும். கண்டுபிடிக்க ஒரு சுலப வழி: பேசாத பேடின் ஒயரையும் பேசுகிற பேடின் ஒயரையும் இடம் மாற்றிப் போடுவது. பழுது கூடவே இடம் மாறினால் தகடு குற்றவாளி. மாறாமல் அங்கேயே நின்றால் பலகையில் கோளாறு. சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைத் தெருக்களில் பீசோ தகடு சொற்ப விலைக்குக் கிடைக்கும்.

இதே தகட்டை ரப்பர் துண்டுக்கு அடியில் ஒட்டி, ஒரு ஜாக் வைத்து, காலால் மிதிக்கும் 'கிக்' தயாரித்துக்கொள்பவர்களும் உண்டு.

மூன்றாவது: நினைவு பேட்டரி

இதுதான் சத்தமில்லாத திருடன். பழைய தாளக் கருவிகள் பலவற்றில், மின்சாரம் இல்லாதபோதும் நினைவைக் காப்பாற்ற உள்ளே ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது செத்தால் வருஷக்கணக்கில் சேர்த்த பேட்ச் எல்லாம் போச்சு! அவசரக்கார மெக்கானிக் 'ரீசெட்' கொடுத்தாலும் அதே கதி. ஆகவே பெட்டியைத் திறக்கும் முன் 'மிடி' ஒயர் வழியாக அத்தனையையும் வெளியே பிரதி எடுக்க வேண்டும். தகடு போனால் வாங்கலாம். தானே உருவாக்கிய சத்தம் போனால் எந்தக் கடையில் வாங்குவது?

பழுதே பெருமை!

உலகப் புகழ் பெற்ற ஒரு தாளப் பெட்டி பழுதினாலேயே பெயர் வாங்கியது என்றால் நம்ப முடிகிறதா? 1980-ல் வந்த ரோலண்ட் டி.ஆர்-808 அது. அதன் 'ஸ்ஸ்' என்று பொரிகிற சத்தத்துக்காகக் கம்பெனி நிறுவனர் இகுதாரோ காகேஹாஷி குறையுள்ள டிரான்சிஸ்டர்களைத் தேடிப் பிடித்து வாங்கினார். டிரான்சிஸ்டர் தயாரிப்பு முன்னேறியது. குறையுள்ள சரக்கு கிடைக்கவில்லை. 1983-ல் உற்பத்தியே நின்றது! மொத்தம் சுமார் 12 ஆயிரம் பெட்டிகள்தான்.

அதில் ஒன்று பம்பாய்க்கு வந்தது. சினிமா வாத்தியக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-ல் அதை வைத்து 10 ராகங்களுக்கு டிஸ்கோ தாளம் போட்டு இசைத்தட்டு வெளியிட்டார். அன்று யாரும் சீந்தவில்லை. 2010-ல் மறுபடி வெளிவந்ததும் வெளிநாட்டு ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 2015-ல் அவர் காலமானார்.

808-க்குள் மூன்று பென் டார்ச் பேட்டரிகள் இருக்கும். கழற்றாமல் விட்டால் ஒழுகிப் பலகையை அரிக்கும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, காய்ந்த கெப்பாசிட்டரை மாற்றி, அது பிறந்தபோது இல்லாத மிடி இணைப்பையும் உள்ளே பொருத்தி இன்றைய கம்ப்யூட்டரோடு பேச வைக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: நேரடி மின்சாரத்தில் ஓடும் பெட்டியில் ஒயரைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் ஷாக் மிச்சமிருக்கலாம். தெரியாதவர்கள் கை வைக்கக் கூடாது.

மலை ஏறும் முன்...

வேன் குலுக்கலில் உள்ளிருக்கும் ஒயர்கள் தளரலாம். மலைப் பனி ஈரம் ஜாக்கையும் பொத்தானையும் களிம்பு ஏற வைக்கலாம். ஆகவே அடிவாரத்திலேயே 8 பேடையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒன்றை அடித்தால் இன்னொன்று சேர்ந்து பேசினால் உடனே ஸ்குரூ டிரைவரை எடுக்க வேண்டாம். முதலில் 'சென்சிட்டிவிட்டி' அளவைச் சரி பார்க்கலாம். பையில் ஒரு அடாப்டர், இரண்டு பீசோ தகடு உபரியாக இருக்கட்டும். மேலே போனதும் பெட்டியைப் பனியில் வைக்காமல் துணி சுற்றி வைப்பது நல்லது.

சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழைய பெட்டிக்கு உயிர் கொடுக்கிறவர் மேடையில் நிற்பதில்லை. நோட்டீசில் அவர் பெயரும் வருவதில்லை. ஆனால் அவர் ஒட்டிய ஒரு மயிரிழை ஒயரில்தான் ஒரு குழுவின் ராத்திரிச் சோறு தொங்குகிறது!