பள்ளிச் சாவி யார் கையில்?

பள்ளிப்பட்டு 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. திருத்தணியோடு சேர்ந்து அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தது. மாநிலம் மாறியது, ஊருக்கும் காலனிக்கும் நடுவே இருந்த கோடு மாறவில்லை. பள்ளிக்கூடத்தின் மீது அதிகாரம் டெல்லிக்கா, மாநிலத்துக்கா என்ற சண்டையை நாம் அந்தக் கோட்டில் நின்றுதான் பார்க்கிறோம்.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் கல்வியை மாநிலப் பட்டியலில் இருந்து பொதுப் பட்டியலுக்கு எடுத்துக்கொண்டார்கள். அதன் விலையை இப்போது கொடுக்கிறோம். பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக, 2024-25ஆம் ஆண்டுக்கான சமக்ர சிக்ஷா நிதி சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர், பகுதிநேர ஆசிரியர் சம்பளமெல்லாம் இந்தத் திட்டத்தில்தான் வருகிறது. டெல்லியின் பிடி தளர வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை.

சரி, அதிகாரம் கீழே இறங்கட்டும். இறங்கி யார் வாசலில் நிற்கும்?

ஊர்ப் பள்ளிகள் நம் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்ததால்தான், 1920-களில் சென்னை மாகாணத்தின் தொழிலாளர் துறை நமக்கென்று தனிப் பள்ளிகளைத் திறந்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அதுதான். உள்ளூர் கதவைச் சாத்தியது. மாகாண அரசு திறந்தது. பழங்கதை என்று ஒதுக்க முடியாது. 2018-ல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் அந்த அம்மாவைத்தான் இடம் மாற்றினார்கள். போராட்டத்துக்குப் பிறகே அந்த உத்தரவு ரத்தானது.

நாங்குநேரி கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. தொடக்கப் பள்ளிகளின் முழு நிர்வாகத்தையும் ஊராட்சி ஒன்றியத்திடம் கொடுக்கச் சட்டம் வேண்டும் என்றது. அதே அறிக்கை, ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராகவோ கல்வி அலுவலராகவோ அமர்த்தக் கூடாது என்றும் சொன்னது. முதல் பரிந்துரையை எடுத்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டால், பள்ளிச் சாவி பழைய வீட்டுக்கே போகும். ஒன்றியக் குழுவில் யார் பேச்சு எடுபடுகிறது என்பது வாசகர்களுக்குத் தெரியாததா?

புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21-ன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு விகிதப்படி இடம் உண்டு. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதும் இந்தக் குழுதான். காலனியிலிருந்து பெயர் இருக்கிறதா என்று கேட்டால் போதாது. கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பகல் 11 மணிக்கு வைத்தால் கரும்பு வெட்டப் போன தாய் எப்படி வருவாள்? கூட்டத்தை மாலை 6 மணிக்கு மாற்றச் சொல்லி இந்த வாரமே தலைமையாசிரியரிடம் மனு கொடுங்கள். நகல் ஒன்றை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் அனுப்புங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் தீர்மானப் புத்தகத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடட்டும்.