அவை நடுக்கமும் ஆண்டுக்கு 20 ரூபாயும்

பொதுப்பேச்சு என்றவுடன் மேடையும் ஒலிபெருக்கியும் மாலையும் நினைவுக்கு வருகின்றன. நம்மில் பெரும்பாலோர் பேச வேண்டிய இடங்களோ வேறு. குடியிருப்போர் நலச்சங்கத்தின் ஆண்டுக் கூட்டம், சுய உதவிக் குழுவின் கூட்டம், பள்ளியில் பெற்றோர் கூட்டம் ஆகியவற்றில் இரண்டு நிமிடம் தெளிவாகப் பேச இயலாமையால் எத்தனையோ நியாயமான கோரிக்கைகள் கூட்டக் குறிப்பேட்டில் ஏறாமலே போகின்றன. பராமரிப்புக் கட்டணம் ஏன் உயர்ந்தது என்று கேட்க நினைத்து வந்தவர் கேளாமலே வீடு திரும்புகிறார். உயர்ந்த கட்டணத்தை மட்டும் மாதந்தோறும் தவறாமல் செலுத்துகிறார்.

பேச்சாற்றல் பிறவிப் பேறு என்று நம்புவோர் காந்தியடிகளின் தன்வரலாற்றைப் படித்துப் பார்க்கலாம். லண்டனில் சட்டம் பயின்றபோது அவர் பணம் கொடுத்துச் சில நாள்கள் பேச்சுப் பயிற்சியும் பெற்றார். பலன் இல்லை. சைவ உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் தம் கருத்தை எழுதிக்கொண்டு சென்றும் படிக்கத் துணிவின்றிப் பிறர் படிக்கக் கேட்டார். வழக்கறிஞராக மும்பை திரும்பிய பின், நீதிமன்றத்தில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்கு ஒரு கேள்வியும் தோன்றவில்லை. அமர்ந்துவிட்டார், வாங்கிய கட்டணத்தையும் திருப்பித் தந்துவிட்டார்.

அதே மனிதர்தாம் 1893-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் இந்தியர்களைக் கூட்டிப் பேசினார். தம் வாழ்வின் முதல் பொதுப்பேச்சு என அவர் குறிப்பிடுவது அதனையே. கூட்டத்தில் இருந்தோரில் பெரும்பாலோர் வணிகர்கள். வணிகத்தில் உண்மை செல்லுபடியாகாது என்பது அவர்களிடையே நிலவிய கருத்து. காந்தியடிகள் எடுத்துக்கொண்ட பொருளும் வணிகத்தில் வாய்மையே! அதனை முன்கூட்டியே சிந்தித்து ஆயத்தமாகச் சென்றார். இந்தியர்களின் இன்னல்களை அதிகாரிகளிடம் எடுத்துரைக்க ஒரு சங்கம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதற்குத் தம் நேரத்தையும் தருவதாகச் சொன்னார். பயிற்சி வகுப்பு தராத நாவன்மையை, எதிரே இருப்பவர்களுக்குத் தேவையான ஒன்று தம் கையில் இருக்கிறது என்ற தெளிவு தந்தது என்றே நான் கருதுகிறேன்.

இதனால் நடுக்கம் நீங்கிவிடும் என்று பொருளல்ல. அதே 1893-இல் சிகாகோ சர்வ சமய மாநாட்டில் பேசிய விவேகானந்தர், நெஞ்சு படபடத்ததையும் நா வறண்டதையும் சென்னையிலிருந்த அளசிங்கப் பெருமாளுக்குக் கடிதத்தில் எழுதினார். தம் முறையை அவர் அன்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாராம். நடுக்கம் பேசுபவருக்குத் தெரியும் அளவு கேட்பவருக்குத் தெரிவதில்லை என்பதே ஆறுதல்.

எங்கள் துறையில் நடைபெறும் நிதிசார் கல்வி முகாம்களிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா பற்றிப் பேச வேண்டும். ஒருவர் திட்டம் 2015-இல் தொடங்கப்பட்டதிலிருந்து ஆரம்பித்து, தகுதி, விதிமுறை, விலக்கு என அறிக்கையை அப்படியே படிக்கலாம். மரத்தடியில் அமர்ந்திருப்போர் கடிகாரத்தைப் பார்ப்பர். இன்னொருவர் இவ்வாறு தொடங்கலாம்: “உங்கள் கணக்கில் மே மாதக் கடைசியில் 20 ரூபாய் இருக்கிறதா? இருந்தால்தான் விபத்துக் காப்பீடு புதுப்பிக்கப்படும். இல்லையென்றால், குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய 2 லட்சம் ரூபாய் கிடைக்காமல் போகலாம்.” அதன் பிறகு 18 முதல் 70 வயது வரை சேரலாம் என்பதைச் சொன்னால் செவிமடுப்பர். தகவல் இரண்டிலும் ஒன்றே. இரண்டாமவர், கேட்பவர் வீட்டுக்குச் சென்று பாஸ்புக்கை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு பேச வந்திருக்கிறார்.

எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். படிப்பவர் புரியாத வரிக்குத் திரும்பிச் செல்லலாம். காதுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே எண்களைக் குறைத்துச் சொல்ல வேண்டும், முக்கியமானதை மீண்டும் சொல்ல வேண்டும். இணைய மோசடி பற்றிப் பேசுபவர், பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணை மூன்று முறை சொல்லி, கூட்டத்தையும் ஒருமுறை திரும்பச் சொல்ல வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

மற்றவை சிறு பழக்கங்கள். முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்க. எஞ்சியவற்றைக் குறிப்புச் சொற்களாக ஒரு சிறு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். மனத்துக்குள் ஒத்திகை பார்ப்பது போதாது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் பேசிப் பார்க்கும்போதுதான் ஐந்து நிமிடம் என்று எண்ணியது பன்னிரண்டு நிமிடம் ஓடுவது தெரியவரும். தலைவர், செயலர், பொருளாளர் என்று நீளும் விளிப்பு வரிசையை “அனைவருக்கும் வணக்கம்” என்று சுருக்கினால் எவரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

கேள்வி நேரத்தில் விடை தெரியாத கேள்வி வந்தால் சுற்றி வளைக்க வேண்டாம். தெரியவில்லை என்று சொல்லி, கேட்டவரின் கைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுநாள் விசாரித்து அழைத்துச் சொல்லலாம். அடுத்த கூட்டத்தில் அவர் முன்வரிசையில் அமர்ந்திருப்பார்.