கணினியிற் பற்றிய குருவிச்சை

மாத்தளையின் மிளகுத் தோட்டங்களிடையே வளர்ந்த நம் மாணவர்க்குக் குருவிச்சை புதியதன்று. மண்ணில் வேரூன்றாது, பிறிதொரு மரத்தின் கிளையைப் பற்றி அதன் சாற்றை உண்டு வாழ்வது அது. புதிதாய் வாங்கும் கணினியிலும் இத்தகைய குருவிச்சைகள் உள. பழைய மாணவர் பலர் இளையோர்க்குக் கணினி வாங்கிக் கொடுக்கும் இந்நாளில், அவற்றைக் களையும் முறையை இம்மலர் வாயிலாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

கணினியை ஆக்குவோர் விண்டோஸ் முதலிய இயங்குதளத்தோடு வேறு பல மென்பொருள்களையும் பதித்தே விற்கின்றனர். சில காலம் இலவசமாய்த் தொழிற்பட்டுப் பின்னர்ப் பணம் கேட்கும் வைரஸ் தடுப்பான்கள், விளையாட்டுகள், விளம்பர மென்பொருள்கள் என்பன அவற்றுட் சில. இவ்வாறு பதித்தற்கு மென்பொருள் நிறுவனங்கள் பணம் கொடுப்பதும் உண்டு. அவை சேமிப்பிடத்தைக் கவர்ந்து, கணினியின் வேகத்தைக் குறைத்து, தாமாகவே இணையத்தை நாடி டேட்டாவையும் செலவிடுகின்றன. சிறுகச் சிறுக டேட்டா வாங்கிப் படிக்கும் தோட்டத்து மாணவனுக்கு இது சிறு நட்டமன்று.

இதனினும் பெரிய கேடும் நேர்ந்ததுண்டு. 2014ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லெனோவோ நிறுவனம் தன் மடிக்கணினிகள் சிலவற்றில் 'சூப்பர்ஃபிஷ்' என்னும் விளம்பர மென்பொருளைப் பதித்து விற்றது. அது பாதுகாப்பான இணையத்தளங்களுக்கும் பயன்படுத்துவோர்க்கும் இடையே புகுந்து விளம்பரங்களைச் செருகியது. அதற்கென அது நிறுவிய நம்பிக்கைச் சான்றிதழின் இரகசியத் திறவுகோல் எல்லாக் கணினிகளிலும் ஒன்றாகவே இருந்தமையால், அதனைக் கைப்பற்றிய கள்வன் வங்கித் தளம்போல் வேடமிடவும் வழி பிறந்தது. 2015 பெப்ரவரியில் இது வெளிப்பட்டது. மென்பொருளை நீக்கிய பின்னரும் சான்றிதழ் எஞ்சி நின்றதால், அதனைத் தனியே அகற்ற நேர்ந்தது. 2017இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவுடன் கண்ட இணக்கத்தின்படி, இத்தகைய மென்பொருளை இயக்குமுன் வாங்குவோரின் சம்மதம் பெற அந்நிறுவனம் கடமைப்பட்டது.

இனி, களையும் முறை. முதலிற் பாடக் குறிப்புகளையும் ஆவணங்களையும் பென்டிரைவிற் படியெடுத்து வைக்க. விண்டோஸ் 11இல் 'செற்றிங்ஸ்' திறந்து, 'ஆப்ஸ்' என்பதனுள் 'இன்ஸ்டால்ட் ஆப்ஸ்' பகுதிக்குச் சென்றால் மென்பொருள்கள் நிரலாகத் தோன்றும். ஒவ்வொன்றின் பெயரையும் ஆக்கியோரையும் நோக்கி, அதன் தொழிலை விசாரித்தறிக. வேண்டாதது எனத் தெளிந்தபின், அருகிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி 'அன்இன்ஸ்டால்' என்பதைத் தெரிக. ஒன்றை நீக்கிக் கணினியை மீள இயக்கி, குறையில்லையெனக் கண்டபின்பே அடுத்ததைத் தொடுக.

மிளகுக் கொடி படர நட்ட முள்முருக்கைக் களையென்று வெட்டுவாரில்லை. அதுபோல ஒலி, திரை, வை-ஃபை ஆகியவற்றை இயக்கும் 'டிரைவர்' மென்பொருள்களை நீக்கலாகாது. பணம் கேட்கும் வைரஸ் தடுப்பானை நீக்கினால் காவல் அற்றுவிடுமோ என அஞ்சவும் வேண்டா. விண்டோஸுடன் வரும் 'டிஃபெண்டர்' அக்காவலை ஏற்கும். ஏற்றதா என்பதை 'விண்டோஸ் செக்யூரிற்றி' பகுதியிற் பார்த்துக்கொள்க.

கணினியைப் பரிசளிக்கும் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். கொடுக்குமுன் ஒரு மாலைப்பொழுது மாணவனை அருகிருத்தி, இப்பணியை அவன் கையாலேயே செய்வியுங்கள். தன் கருவியில் என்ன இயங்குகின்றது என்பதை அறிந்தவனே அதற்கு உரியவனாவான். அவ்வறிவும் சேர்ந்தாலன்றிப் பரிசு நிறைவுறாதென்பது நம் துணிபு.