நம்பிக்கையற்ற நூலுக்குப் பதக்கமா?

2014-ம் வருஷம் ஜூன் மாதத்தில் பிரிட்டிஷ் நூல்நிலையத்தார் சங்கம், கெவின் புரூக்ஸ் என்னும் ஆசிரியர் இயற்றிய ‘தி பங்கர் டயரி’ என்ற நாவலுக்குக் கார்னீகி பதக்கத்தை அளித்தது. செய்தி வெளிவந்ததும் அந்நாட்டுப் பத்திரிகைகளில் கண்டனம் கிளம்பிற்று. இளையோருக்கென எழுதப்பட்ட நூலொன்று, தொடக்கமுதல் முடிவுவரை இருளையே காட்டுமானால், அதற்கு இத்தகைய பெருமை தகுமா என்பது வழக்கு. ஆண்டுகள் பல கழிந்தும் இவ்வழக்குத் தீர்ந்தபாடில்லை. இலக்கியப் பரிசு எதை மதிப்பிடுகிறது என்ற அடிப்படை விஷயம் இதில் அடங்கியிருப்பதால் நாமும் இதனை ஆராய்தல் பொருந்தும்.

கதை சுருக்கமானது. லைனஸ் என்னும் பதினாறு வயதுப் பையன், செல்வந்தர் மகன், வீட்டை விட்டு வெளியேறி லண்டன் வீதிகளில் அலைகிறான். குருடன்போல் நடித்த ஒருவனுக்கு இரங்கி உதவச் சென்றவன், மயக்கமுற்று, பூமிக்கடியிலுள்ள ஓர் அடைப்பில் கண் விழிக்கிறான். சாளரம் இல்லை, கதவு இல்லை, மேலும் கீழும் போய்வரும் லிப்ட் ஒன்றே வழி. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியும், பின்னர் வயது வந்தோர் நால்வரும் அதிலே வந்து இறங்குகின்றனர். அடைத்தவன் யார், எதற்காக அடைத்தான் என்பது கடைசிவரை தெரிவதில்லை. லைனஸ் எழுதிவரும் நாட்குறிப்பு ஓரிடத்தில் அறுந்து நிற்கிறது. நூலும் அவ்வளவில் முடிகிறது.

இளையோர் நூலில் மரணம் வரலாகாது என்பாரின் ஆட்சேபம் நெடுநேரம் நிற்காது. சி. எஸ். லூயிஸின் ‘தி லாஸ்ட் பேட்டில்’ 1956-ம் வருஷத்திய கார்னீகி பதக்கம் பெற்றது; அதிலே கதைமாந்தர் ரயில் விபத்தில் மாள்கின்றனர். ஹெராயின் பழக்கத்தில் வீழ்ந்த இளைஞரைப் பற்றிய மெல்வின் பர்ஜஸின் ‘ஜங்க்’ 1996-ம் வருஷத்திய பதக்கம் பெற்றது. ஆகவே சாவும் கேடும் புதியன அல்ல. லூயிஸின் கதையில் சாவுக்கு அப்பால் ஒரு சுவர்க்கம் திறக்கிறது. புரூக்ஸின் கதையில் எதுவுமே திறப்பதில்லை. கண்டனத்தின் உண்மையான வேர் இதுவே. பிரசுரகர்த்தர்களும் இதுகாரணம் பற்றியே ஏறக்குறைய பத்தாண்டுகள் தயங்கினர்.

நம் தேசிய இயக்கத்தார் எழுதிய சிறைக் குறிப்புகளைப் படித்தவர்களுக்கு இந்நூலின் வலிமை எளிதில் விளங்கும். சத்தியாக்கிரகி தன்னைச் சிறையிட்டவன் யார் என்பதை அறிவான். எக்காரணம் பற்றிச் சிறையுற்றான் என்பதையும் அறிவான். அவ்வறிவே அவனுக்குப் பாதி விடுதலை. லைனஸுக்கோ அவ்விரண்டும் மறுக்கப்படுகின்றன. நாட்குறிப்பு எழுதும் கைதி, தன் அறிவுக்கு எட்டாததை எழுத முடியாது. கடைசி அத்தியாயத்தில் காவலர் வந்து கதவை உடைத்து, குற்றவாளியின் வரலாற்றைக் கூறியிருந்தால் வாசகர் நிம்மதி அடைந்திருப்பர், நூல் பொய்யாகியிருக்கும். நம்பிக்கை அடியோடு இல்லை என்பதும் சரியன்று. அச்சிறுமியைக் காக்க அப்பையன் படும் பாடு வேறென்ன? வெளியேறும் வழி இல்லாத இடத்திலும் உணவைப் பங்கிடுவதில் ஒருவன் குணம் அளக்கப்படுகிறது. வயது வந்த கைதிகளில் சிலர் வெறும் நிழலுருவங்களாய் நிற்பது குறையே. நடுவர் என்ற முறையில் இதற்கு மதிப்பைக் குறைக்கலாம். இருளுக்காகக் குறைக்க நியாயமில்லை.

நடுவர்கள் வேறு நூல் அகப்படாமல் இதனை எடுத்தார்கள் என்றும் சொல்ல இயலாது. 1936-ல் ஏற்பட்ட இப்பதக்கம், தகுதியான நூல் இல்லையென்று 1943, 1945, 1966 ஆகிய வருஷங்களுக்கு எவருக்கும் அளிக்கப்படவில்லை. மறுக்கும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது, அறிந்தே அளித்தார்கள்.

எனினும் ஓர் ஆட்சேபத்தை நாம் ஒதுக்கமாட்டோம். கார்னீகி பட்டியலில் ஏறும் நூல்களைப் பள்ளி மாணவர் கூடிப் படித்து விவாதிக்கும் வழக்கம் அந்நாட்டில் உண்டு. பதக்கம் இவ்வாறு பாடசாலைக்குள் நுழையும் அநுமதிச் சீட்டாகவும் ஆகிவிடுகிறது. பதினோரு வயதுப் பிள்ளைக்கும் பதினேழு வயது வாலிபனுக்கும் ஒரே பதக்கம் என்றால் தகராறு நேராமல் என்ன செய்யும்? அமெரிக்க நூல்நிலையச் சங்கத்தார் இதனை உணர்ந்தே, சிறுவர் நூலுக்கு 1922 முதல் நியூபெரி பதக்கத்தை அளித்து வந்ததோடு நில்லாது, இளையோர் நூலுக்கென 2000-ல் பிரின்ட்ஸ் பரிசைத் தனியே ஏற்படுத்தினர். குறை ஏற்பாட்டில் இருக்க, நூலைத் தண்டிப்பது எவ்வகையில் முறை? நம் சாகித்திய அகாதெமியும் 2010 முதல் பால சாகித்தியப் பரிசை 24 மொழிகளில் அளித்து வருகிறது. இத்தகைய நூலொன்று இங்கும் ஒருநாள் நடுவர் முன் வரக்கூடும்.

நாம் அந்தச் சபையில் அமர்ந்திருப்பின், பதக்கத்தை இந்நூலுக்கே அளித்திருப்போம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்குமுன், அதன் தகப்பனாரை ஒருமுறை படித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டிருப்போம்.